நாலு அங்குலப் பிரஷ்

மார்ச் 3

வீட்டுக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது அத்தானுடையது. அவருக்குக் காது மந்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆயுசு முழுக்க பஸ் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போடுவார். கேட்டதைக் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி திருப்பியும் சொல்வார். நேற்று மருந்துக் கடைக்குப் போன் போட்டு என் களிம்பு இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டு "அரிப்புக்கா? எங்கம்மா அரிப்பு? முதுகிலயா?" என்கிறார். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். அதனால்தான் கடிதம். நான் படித்த படிப்புக்கு இதுவே அதிகம். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், போர்டு எழுதுகிற கைதானே.

அக்காவின் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. அத்தான் அதை எடுக்கவும் மாட்டேன் என்கிறார், தாண்டவும் மாட்டேன் என்கிறார். சுற்றிப் போகிறார். நானும் சுற்றித்தான் போகிறேன். வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் "அத அங்க வைக்காதடி" என்று அவள் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

அத்தானைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். உண்மை நம் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பிரஷ்.

அக்கா இருந்தவரை சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி இங்கே வந்து முதுகைக் காட்டுவேன். அவள் திட்டிக்கொண்டே களிம்பு போட்டுவிடுவாள். அவள் போன பிறகு கை எட்டாத இடத்துக்கு நான் என்ன செய்வேன்? மரக்கரண்டியில் களிம்பைத் தொட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாதி தலைமுடியில், பாதி திரைச்சீலையில். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். நாலு அங்குலப் பிரஷைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். "திரும்பு, நான் அடிச்சு விடறேன்" என்றீர்கள்.

அடிச்சு விடுவதற்கு நான் என்ன காம்பவுண்டுச் சுவரா?

கட்டின பெண்டாட்டியைக் கையால் தொட அருவருப்பாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பிரஷ் வைத்துச் சொல்ல வேண்டாம்.

அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள். போன தடவை மறந்தீர்கள். பதில் போட வேண்டாம். போட்டால் ஒட்டின கவரில் போடுங்கள். கார்டில் போட்டால் அத்தான் வாசித்துவிடுவார்.

இப்படிக்கு,
சுவர்


மார்ச் 9 (அஞ்சலட்டை)

கடிதம் கிடைத்தது. கவர் வாங்க மறந்துவிட்டேன். பிரஷ் புதியது. இதுவரை எந்தச் சுவரையும் தொடவில்லை. முடி உதிராது. எதற்குக் கோபம் என்று விளங்கவில்லை. உப்பு எங்கே? சகலையைக் கேட்டதாகச் சொல்லவும்.

பெயிண்டர்


மார்ச் 14

வீட்டுக்காரருக்கு,

உப்பு அடுப்புக்கு இடது பக்கம், 'உப்பு' என்று நீங்களே சிவப்பு பெயிண்டில் எழுதின டப்பாவில் இருக்கிறது.

நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. அத்தான் வாசலில் நின்று உங்கள் கார்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தார். "முடி உதிராது!" என்று அவர் கத்தினதைக் கேட்டுவிட்டு எதிர் வீட்டுக்காரி ஓடி வந்தாள். "அக்கா, அது என்ன எண்ணெய்க்கா? எனக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்கிறாள். பிரஷ் என்று சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் என் தலைமுடியையே பார்க்கிறாள்.

எதற்குக் கோபம் என்று விளங்கவில்லையா? சரி, எழுதுகிறேன். நேரில் என்றால் என் வாய் வராது. பேனாவுக்கு வெட்கம் இல்லை போல.

இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறானே நம் மகன், அவன் பிறந்த பிறகு முழங்கையில் ஒரு பொட்டு மாதிரி வந்தது. படை என்றார்கள். பிறகு முதுகு, இடுப்பு என்று பரவியது. பெயர் சொரியாசிஸ் என்றார்கள். அன்றிலிருந்து நான் விளக்கை அணைத்த பிறகுதான் உங்கள் பக்கத்தில் படுத்தேன். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. காலையில் உங்களுக்கு முன்னே எழுந்து படுக்கையில் உதிர்ந்திருக்கிற செதிலைத் தட்டிவிடுவேன். ஒரு நாள் நீங்கள் முந்திக்கொண்டு எழுந்து, "என்ன இது, சுண்ணாம்பா?" என்று விரிப்பைத் தடவிப் பார்த்தீர்கள். மேலே கூரையையும் பார்த்தீர்கள். அன்றைக்கே ஏணி போட்டுக் கூரைக்குப் பூச்சு பூசினீர்கள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பாவம் அந்தக் கூரை.

பிறகு நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். கல்யாணத்தன்று என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், அதற்கப்புறம் என் கையில் சம்பளக் கவரைக்கூடக் கொடுப்பதில்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். இதெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் பிரஷுக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் ஹாலுக்குப் போனதை அக்காவிடம் சொன்னேன். "அவன் ஒரு மரமண்ட, வாயத் தெறந்து கேளுடி" என்றாள். அடுத்த சனிக்கிழமை கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவசரக்காரி.

கவர் வாங்குங்கள்.


மார்ச் 20

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

கவர் வாங்கிவிட்டேன். ஓரத்தில் வார்னிஷ் தொட்டு ஒட்டியிருக்கிறேன். சகலை பிரித்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும். நீ கத்தியால் கீறித் திற.

எனக்கு எழுத வராது. கடைப் பெயர், கதவு எண், 'இங்கே வண்டி நிறுத்தாதே' இதுதான் எழுதியிருக்கிறேன். அதனால் பெரிதாக எழுதுகிறேன், காகிதம் அதிகம் போகும்.

முதலில் பிரஷ். என் கையை நீ பார்த்ததே இல்லையா? தின்னரிலும் மண்ணெண்ணெயிலும் கழுவிக் கழுவி, மரம் தேய்க்கிற உப்புத்தாள் ஆகிவிட்டது. போன மாதம் வேலை செய்த வீட்டில் தெரியாமல் சோபாவில் கை வைத்தேன். எடுக்கும்போது நூல் கூடவே வந்தது. அந்த அம்மா பூனை பிராண்டிவிட்டது என்று பூனையை அடித்தார்கள். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இந்தக் கையை உன் முதுகில் வைத்தால் மிச்சமிருக்கிற தோலும் என்னோடு வந்துவிடும். என்னிடம் இருப்பதிலேயே மிருதுவானது அந்தப் பிரஷ்தான். தேக்குக் கதவுக்குக் கடைசிப் பூச்சுக்கு என்று எடுத்து வைத்தது. வெந்நீரில் ஊறவைத்து, என் கன்னத்தில் தடவிப் பார்த்துத்தான் கொண்டுவந்தேன். நீ கரண்டியைத் தூக்கி எறிந்தாய். நெற்றி இன்னும் வீங்கியிருக்கிறது. வேலை இடத்தில் ஏணி இடித்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது, ஹால். நம் தெரு மருந்துக் கடைக்காரன், "உங்க மேல அடிக்கிற பெயிண்ட் நெடிதாண்ணே, அதனாலதான் அண்ணிக்குக் கூடுது" என்றான். நான் என்ன டாக்டரா? நம்பினேன். உனக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான் என்று நினைத்தேன். மண்ணெண்ணெயில் குளிக்காத குறை. சோப்பு, அதற்கு மேல் பவுடர். வேலை செய்கிற இடத்தில் எனக்குப் 'பவுடர் டப்பா' என்று பெயர். இவ்வளவு செய்தும் நான் பக்கத்தில் வந்தால் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். தலைவலி என்பாய். உடம்பைக் குறுக்கிக்கொள்வாய். நெடி இன்னும் போகவில்லை என்று நினைத்துத்தான் பாயைத் தூக்கினேன். சம்பளத்தை மேஜையில் வைத்ததும் அதற்குத்தான்.

இப்போது என் முறை. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. நீயும் ஒரு நாள்கூட, "உள்ளே வந்து படுங்க" என்று சொன்னதில்லை. சனிக்கிழமை விடிந்தால் பஸ் ஏறிவிடுவாய். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். என்னை விட்டு ஒரு நாள் போனால்தான் இவளுக்கு முகமே மலர்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலுக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருப்பேன். நம் வீட்டு ஜன்னல் ஏன் மூட வரவில்லை என்று நீ கேட்பாயே, அதனால்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அடித்தால் எந்த ஜன்னல் மூடும்?

உன் அக்கா முதுகுக்குக் களிம்பு போட்டார்கள் என்பதே அவர்கள் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அருவருப்பு என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டு வயதிலிருந்து உரிந்த சுவரைப் பார்த்தே சோறு தின்கிறவன் நான். உரிகிறதென்று எவனாவது வீட்டை விட்டு ஓடுவானா?

உப்பு கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் இருப்பது சர்க்கரை என்று நினைத்தேன், சோடா மாவு. டீ நுரைத்துக்கொண்டு வழிந்தது.

பெயிண்டர்


மார்ச் 29

வீட்டுக்காரருக்கு,

நான் சுவரா என்று கேட்டேன். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதி, ஆமாம் என்று முடித்திருக்கிறீர்கள்.

பூனை அடி வாங்கின இடத்தில் சிரித்துவிட்டேன். அக்கா போன பிறகு இதுதான் முதல் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து அத்தான் தண்ணீர் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரை அவரே குடித்துவிட்டார்.

கன்னத்தில் தடவிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் பல தடவை வாசித்தேன். இதை வைத்து ரொம்ப மிதப்பாக இருக்க வேண்டாம்.

துக்கத்தில் உடம்பு ரொம்பக் கூடிவிட்டது. அத்தான் கண்ணில் படாமல் சமையலறைக் கதவு நிலையில் எருமை மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். ராத்திரி நான் தூங்காமல் சொறிவதைப் பார்த்துவிட்டு, அவர் வலுக்கட்டாயமாகப் புது டாக்டரிடம் கூட்டிப் போனார். பொம்பளை டாக்டர். இத்தனை வருஷம் பார்த்த டாக்டர்கள் முழங்கையைப் பார்ப்பார்கள், எழுதுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் அப்படி இல்லை.

"வேற எங்கல்லாம் இருக்கு?" என்றார்.

"அவ்வளவுதான் டாக்டர்."

"அவ்வளவுதானா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கும்போது வலி இருக்கா?"

வெளியே பெஞ்சில் அத்தான். காது மந்தமாக இருப்பதற்காக அன்றைக்குத்தான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இப்போது எழுதப்போவது அக்காவுக்கும் தெரியாது. அவளிடம் முதுகைத்தான் காட்டினேன். மற்ற இடத்திலும் எனக்கு இருக்கிறது. மறைவான இடத்தில். எந்த இடம் என்று உங்களுக்குப் புரியும், போர்டு எழுதிக் காட்ட வேண்டாம். அரிக்கும், வெடிக்கும், எரியும். நீங்கள் பக்கத்தில் வந்தபோது நான் உடம்பைக் குறுக்கினது நெடியால் இல்லை. வலிக்குமே என்ற பயம். விளக்கு எரிந்தால் பார்த்துவிடுவீர்களே என்ற பயம். உங்களுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்றும் பயம். உங்கள் பவுடர் வாசனை எனக்குப் பிடிக்கும். அதை முகர்ந்துகொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் திடுக்கிடக்கூட இல்லை. "இது இருக்கற பொண்ணுங்கள்ல நெறைய பேருக்கு அங்கயும் வரும்மா. கேட்டாத்தான் சொல்லுவாங்க. கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். "முதுகுக்குப் போடற களிம்ப அங்கயும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நட்சத்திரம் தெரிஞ்சுது டாக்டர்."

தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இடத்துத் தோல் மெல்லியதாம், முதுகுக் களிம்பு அதற்கு ஆகாதாம். வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார். இது ஒட்டுகிற நோய் இல்லையாம். பெயிண்ட் நெடியால் வந்ததும் இல்லையாம். "மருந்துக் கடைக்காரர் சொன்னாரு" என்றேன். "அவர மருந்த மட்டும் விக்கச் சொல்லுங்க" என்றார். முழுசாகப் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. குறையும், திரும்ப வரும், சொந்தக்காரர்கள் மாதிரி. ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லையாம்.

பிறகு கேட்டார்: "ஆசையே போயிடுச்சா, இல்ல அது மேல பயம் ஏறி உக்காந்திருக்கா?"

யோசித்தேன். "உக்காந்திருக்கு டாக்டர்" என்றேன்.

"வலிச்சா வேண்டாம்னு சொல்லுங்க. ஆனா ஏன் வேண்டாம்ங்கறதையும் சேத்துச் சொல்லுங்க. பாதிய மட்டும் சொன்னா அவர் மீதியத் தப்பா நெரப்பிக்குவாரு. அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்க."

"அவர் வரமாட்டாரு டாக்டர்."

"கேட்டீங்களா?"

அக்கா செத்தும் என்னை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அத்தான், உட்கார்ந்திருந்த அத்தனை நோயாளிகளுக்கும் கேட்க, "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" என்றார். சூடு ஆகாது, எண்ணெய் தடவச் சொன்னார்கள் என்றேன். "எங்க தடவணும்?" என்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

சரி. கேட்கிறேன். இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் உங்களுக்கு வேண்டுமா? சில நாள் நல்லாயிருப்பேன், சில நாள் கிட்டே வராதீர்கள் என்பேன். அதற்கு நீங்கள் பாயைத் தூக்கக் கூடாது. பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டும். முடியும் என்றால் கவரில் எழுதுங்கள். முடியாது என்றால் கார்டில் எழுதிவிடுங்கள். தபால்காரர் கையில் கார்டைப் பார்த்ததும் தெரிந்துகொள்கிறேன். வாசிக்க வேண்டிய கஷ்டம் இருக்காது. கோபப்படமாட்டேன்.

சோடா மாவுக்கும் ஒரு டப்பா எழுதி வையுங்கள்.


ஏப்ரல் 4 (அஞ்சலட்டை)

சகலைக்கு, இந்தக் கார்டைச் சத்தமாக வாசிக்கவும். எதிர் வீட்டுக்கும் கேட்கட்டும்.

கார்டைப் பார்த்து அவள் உள்ளே ஓடியிருப்பாள். கூப்பிடவும்.

அவள் எனக்கு எழுதினது எனக்கும் அவளுக்கும். அதற்குக் கவர். நான் இப்போது சொல்வதை ஒட்டி மறைக்க ஒன்றும் இல்லை. அதற்குக் கார்டு போதும். என் பெண்டாட்டி எனக்கு வேண்டும். எல்லா நாளும் வேண்டும். பேச்சுக் கொடுக்கத் தெரியாது, பழகிக்கொள்கிறேன். சனிக்கிழமை வருகிறேன். டாக்டரிடம் நானும் வருவேன். பாயைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டேன். கையில் எண்ணெய் தடவி உறை மாட்டிக்கொண்டு தூங்குகிறேன், கை மிருதுவாகி வருகிறது. பிரஷ் கொண்டுவரமாட்டேன்.

பெயிண்டர்


ஏப்ரல் 7

என்னங்க,

தபால்காரர் கையில் கார்டைப் பார்த்ததும் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று நினைத்தேன். அத்தான் குரலுக்குக் குழாய் எம்மாத்திரம்? "எல்லா நாளும் வேண்டும்" என்பது தெருக்கோடி வரைக்கும் போனது. எதிர் வீட்டுக்காரி மாடியில் நின்று கை தட்டினாள். அவள் புருஷனைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் இனிமேல் உங்களைப் பார்த்தால் விடமாட்டார்.

கார்டு என்றால் முடியாது என்று எழுதினேன். ஒரு நிமிஷம் என்னைக் கொன்றுவிட்டீர்கள். இதற்குத் தனியாக உங்களோடு சண்டை இருக்கிறது.

வாசித்து முடித்துவிட்டு அத்தான் அந்தக் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் உங்க அக்காகிட்ட இப்படி ஒரு தடவகூடச் சொன்னதில்லம்மா" என்றார். மெதுவாகச் சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "அவளுக்குத் தெரியும் அத்தான்" என்றேன். "என்ன?" என்றார். அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். தெருவே கேட்டது. பரவாயில்லை, இந்தத் தெருவில் இனி மறைக்க என்ன இருக்கிறது? பிறகு அவர் எழுந்து போய் அக்காவின் செருப்பைத் துடைத்து அலமாரியில் வைத்தார். வாசலில் இப்போது நேராக நடக்கலாம். இரண்டு பேரும் பழக்கத்தில் இன்னும் சுற்றித்தான் போகிறோம்.

புதுக் களிம்பு எரியவில்லை. அதற்கு மேல் கார்டில் எழுதுகிற விஷயம் இல்லை, கவரிலும் இல்லை.

சனிக்கிழமை வரும்போது நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். பவுடர் போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம்.

அப்புறம், அந்தப் பிரஷைக் கொண்டுவாருங்கள். நான் தேய்த்துத் தேய்த்து அக்கா வீட்டுச் சமையலறை நிலையில் பெயிண்ட் போய்விட்டது. அத்தான் கேட்டார், எலி என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு உயரத்துக்கா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பொறி வாங்கப் போயிருக்கிறார். அவர் அதை வைப்பதற்குள் நீங்கள் வந்து இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள்.

பிரஷ் நிலைக்கு. முதுகுக்குக் கையைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி